விழுங்கினால் போதுமா? கரைய வேண்டாமா?

காய்ச்சலுக்கு பாரசிட்டமால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் ‘கேஸ் மாத்திரை’ ஒன்று. நடுத்தர வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இப்படியொரு பட்டியலை ஒப்பிப்பார்கள். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் மனப்பாடம். விழுங்கிய மாத்திரை உள்ளே போய் என்ன ஆகிறது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

மருந்து ரத்தத்தில் கலக்க வேண்டுமானால், முதலில் அது இரைப்பையிலோ குடலிலோ உள்ள நீரில் கரைந்தாக வேண்டும். கரையாத துகளைக் குடல்சுவர் பொதுவாக உள்ளே விடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்தானாலும், கரையாவிட்டால் வந்த வழியே வெளியே போய்விடும். ‘சாப்பாட்டுக்குப் பின்’, ‘நன்றாகக் குலுக்கவும்’, ‘உடைக்கக் கூடாது’, ‘மென்று விழுங்கவும்’ என்று மாத்திரை அட்டையிலும் பாட்டிலிலும் அச்சிட்டிருக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை கரைதலின் வேதியியலைச் சுருக்கிச் சொல்பவைதான்.

இரண்டு கேள்விகள்

கரைதலைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு பொருள் எவ்வளவு கரையும் என்பது ஒன்று. எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது வேறொன்று.

சமையலறையிலேயே இதைப் பார்த்துவிடலாம். 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் போடுவது அடியில் தங்கிவிடும். தூள் உப்பு போட்டால் நொடிகளில் கரையும். கல்லுப்பு போட்டால் நேரமாகும். இரண்டுக்கும் உச்ச அளவு அதே 36 கிராம்தான். பொடிப்பதும் கலக்குவதும் வேகத்தைக் கூட்டுமே தவிர, அந்த எல்லையை நகர்த்தாது.

எல்லையை நகர்த்துபவை வேறு. முதலாவது, வெப்பம். அதிலும் எல்லாப் பொருளும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. கொதிக்கும் நீரில்கூட உப்பு 39 கிராம் அளவுக்குத்தான் கரையும். சர்க்கரையோ 20 டிகிரியில் 200 கிராம், கொதிநிலையில் 490 கிராம் வரை கரையும். சுண்ணாம்பு இதற்கு நேரெதிர். சூடு ஏற ஏற அது கரைவது குறையும். இரண்டாவது, கரைக்கும் திரவம். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மூன்றாவது, திரவத்தின் அமிலத்தன்மை. நான்காவது, கரையும் பொருளின் மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. இவற்றில் சில மருந்துத் துறையில் உயிர்களோடு விளையாடியிருக்கின்றன.

1897-ல் கிடைத்த கணக்கு

கரையும் வேகத்துக்கு முதல் சூத்திரம் தந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் நாய்ஸ், வில்லிஸ் விட்னி ஆகிய இருவர். பென்சாயிக் அமிலம், ஈய குளோரைடு என்ற இரண்டு பொருட்களைக் குச்சிகளாக வார்த்து, தண்ணீரில் சுழலவிட்டு, நேரத்துக்கு நேரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்தார்கள். 1897-ல் வெளியான அவர்களுடைய முடிவு எளிமையானது: உச்ச அளவுக்கும் இப்போது கரைந்திருக்கும் அளவுக்கும் இடைவெளி எவ்வளவோ, அதற்கு ஏற்பத்தான் வேகமும் இருக்கும். தொடக்கத்தில் விறுவிறுவென்று கரையும். எல்லையை நெருங்க நெருங்க மந்தமாகும்.

1904-ல் வேதியியலாளர்களான நெர்ன்ஸ்ட், புருன்னர் ஆகியோர் இதை விரிவாக்கினார்கள். கரையும் பொருளை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலத்தில் பொருள் உச்ச அளவுக்குக் கரைந்து நிற்கிறது. அதைக் கடந்து வெளியே பரவுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. கலக்கினால் படலம் மெலிகிறது, பயணம் சுருங்குகிறது. பொடித்தால் நீர் தொடும் பரப்பு பெருகுகிறது. சூடாக்கினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன. வீட்டில் அனுபவத்தால் தெரிந்துவைத்திருக்கும் மூன்று உபாயங்களுக்கும் காரணம் இதுதான்.

உடம்பு இந்தக் கணக்கை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. கரைந்த மருந்தைக் குடல் உடனுக்குடன் ரத்தத்துக்கு இழுத்துக்கொள்வதால், குடல் நீரில் செறிவு ஏறுவதில்லை. இடைவெளி எப்போதும் அகலமாகவே இருக்கிறது. கண்ணாடிக் குவளையில் பாதியில் நின்றுவிடும் கரைதல், குடலில் தொடர்ந்து நடக்கிறது.

உடைந்தால் கரைந்ததாகுமா?

மாத்திரையைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ‘கரைந்துவிட்டது’ என்போம். உண்மையில் அது உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் அந்தத் துகள்கள் இன்னமும் திடப்பொருளே. மேலுறை இல்லாத சாதாரண மாத்திரை 37 டிகிரி நீரில் 15 நிமிடத்துக்குள் உதிர வேண்டும் என்பது மருந்துகளுக்குத் தரம் வகுக்கும் மருந்தியல் நூல்களின் பழைய விதி. நெடுங்காலம் இந்த ஒரு சோதனையே போதும் என்று மருந்து உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கையை உலுக்கியது டிகாக்சின். இதய நோயாளிகளுக்குத் தரப்படும் இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. 1971-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் லிண்டன்பாம் குழு, வெவ்வேறு நிறுவனங்களின் டிகாக்சின் மாத்திரைகளைக் கொடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்தது. எல்லாவற்றிலும் அச்சிட்ட மில்லிகிராம் ஒன்றே. ஆனால் ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு ஏழு மடங்கு வரை வேறுபட்டது. எல்லா மாத்திரைகளும் உடைந்தன. எல்லாம் ஒரே வேகத்தில் கரையவில்லை.

அமெரிக்க மருந்தியல் நூல் 1970-ல்தான் ஒருசில மருந்துகளுக்குக் கரைதல் சோதனையைச் சேர்த்திருந்தது. டிகாக்சின் விவகாரத்துக்குப் பிறகு அது பரவலானது. 37 டிகிரியில் 900 மில்லி திரவம், அதில் நிமிடத்துக்கு 50 முறை சுற்றும் துடுப்பு, குறிப்பிட்ட நிமிடங்களில் எடுத்துப் பார்க்கும் மாதிரி. சாதாரண பாரசிட்டமால் மாத்திரை என்றால், அமெரிக்க நூலின்படி 30 நிமிடத்தில் 80 சதவீதம் கரைந்திருக்க வேண்டும். இன்று நம் நாட்டிலும் மாத்திரைகளின் தரத்தை முடிவு செய்வதில் இந்தச் சோதனைக்கு முக்கிய இடம் உண்டு. ‘தரமற்ற மருந்துகள்’ என்று அவ்வப்போது அரசு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். ‘கரைதல் சோதனையில் தோல்வி’ என்ற காரணம் அடிக்கடி தென்படும்.

பொடியின் பலம்

ஒரு சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் ஆயிரம் துண்டுகள், 60 சதுர சென்டிமீட்டர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக நறுக்கினால் நூறு கோடி துகள்கள், 6,000 சதுர சென்டிமீட்டர். பொருள் அதேதான். நீர் தொடும் பரப்பு ஆயிரம் மடங்கு.

படர்தாமரைக்குத் தரப்படும் கிரிசியோஃபல்வின் இந்தக் கணக்கால் பிழைத்த மருந்து. தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும் இதை நுண்தூளாக அரைத்துக் கொடுத்தபோது, பழைய அளவில் பாதியே போதும் என்று 1960-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். ஒரு கிராம் செய்த வேலையை அரை கிராம் செய்தது.

பாட்டிலைக் குலுக்கச் சொல்வது ஏன்?

இனி முதல் கேள்விக்கு வருவோம்: எவ்வளவு கரையும்? பாரசிட்டமால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 14 கிராம் கரையும். மாத்திரையாக விழுங்குபவருக்கு இது தாராளம். ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கிராமுக்கு மேல் கரையும் என்றால், 650 மில்லிகிராமுக்கு என்ன குறை?

குழந்தைகளுக்கான திரவ மருந்தில்தான் சிக்கல். 5 மில்லித் தண்ணீரில் அதிகபட்சம் 70 மில்லிகிராம் கரையும். ஆனால் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் தர வேண்டியிருக்கிறது. எனவே மருந்தை நுண்துகள்களாக மிதக்கவிடுகிறார்கள். இதுதான் ‘சஸ்பென்ஷன்’. நாளாக ஆகத் துகள்கள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் சில வேளைகளுக்கு மருந்து குறைவாகவும், கடைசி வேளைகளுக்கு மிகுதியாகவும் போகும். பாட்டிலைக் குலுக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வழி, தண்ணீரோடு வேறொரு கரைப்பானைச் சேர்ப்பது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை பாரசிட்டமாலைக் கூடுதலாகக் கரைக்கும். முறையாகச் செய்தால் ஆபத்தில்லை. முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே உண்டு. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனம், அது தண்ணீரில் சரியாகக் கரையாததால் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. நன்றாகக் கரைந்தது; இனிப்பாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கரைப்பான் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. குழந்தைகள் உட்பட நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற 1938-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அந்தச் சாவுகளின் விளைவு.

அதே நஞ்சு 2025-ல் நமக்கு மிக அருகில் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். மருந்தைக் கரைக்க ஊற்றுவதையும் மருந்தைப் போலவே சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை உலகம் 1937-லேயே படித்துவிட்டது. நாம் இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீரா?

வெறும் வயிற்றில் இரைப்பையின் அமில அளவான பிஎச் சுமார் 1 முதல் 2 வரை. சிறுகுடலில் அது 6, 7 என்று ஏறிவிடும். காரத்தன்மை கொண்ட மருந்துகள் அமிலத்தில் நன்றாகக் கரையும். குடலுக்குப் போனால் கரைய மறுக்கும். இன்று பரவலாக எழுதித் தரப்படும் பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் இந்த வகை. அதன் வழக்கமான கேப்சூலைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். அமிலத்தைக் குறைக்கும் ‘கேஸ் மாத்திரை’யைக் கூடவே போட்டுக்கொண்டால், இட்ராகோனசோல் கரைவது குறைந்து, ரத்தத்தில் போதிய அளவு ஏறாது. படர்தாமரை போகவில்லையே என்று மருந்தை நொந்துகொள்பவர்கள், கூடச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இரைப்பையில் அமிலம் குறைவாக உள்ளவர்கள் இந்தக் கேப்சூலை கோலா பானத்தோடு எடுக்கலாம் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதற்கும் காரணம் அமிலம்தான்.

கொழுப்பில் கரையும் மருந்துகளுக்குத் துணை வேறு. எண்ணெய், நெய் சேர்ந்த உணவு வந்தால் பித்தநீர் சுரக்கிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல, தண்ணீருக்கு ஒட்டாத மூலக்கூறுகளைப் பித்தநீர் பொதிந்து எடுத்துக்கொள்கிறது. புழு மருந்தான அல்பெண்டசோல் கொழுப்பு மிகுந்த உணவோடு போனால் ரத்தத்தில் ஐந்து மடங்கு வரை கூடுதலாக ஏறும். மூளையில் நாடாப்புழுக் கட்டி உள்ளவர்களுக்கு அதை உணவோடு தருவது இதனால்தான். பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரும் அல்பெண்டசோலின் கதை தலைகீழ். புழு இருப்பது குடலில்; மருந்து அங்கேயே தங்கினால் போதும். அது சரியாகக் கரையாததே அங்கு நன்மை.

கரையாமை உயிர் காக்கும் இன்னோர் இடம் எக்ஸ்ரே அறை. பேரியம் நஞ்சு. ஆனால் பேரியம் சல்ஃபேட் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு, மூன்று மில்லிகிராம்தான் கரையும். எனவே அந்த வெள்ளைக் கூழைக் குடிக்கவைத்து, குடலைப் படம் எடுத்து, அப்படியே வெளியேற விடுகிறார்கள்.

தண்ணீரின் அளவுக்கும் கணக்கு உண்டு. 1995-ல் கார்டன் அமிடான் குழு மருந்துகளை நான்கு வகைகளாகப் பிரித்தது. ஒரு மருந்து ‘நன்கு கரையக்கூடியது’ என்று சொல்ல, அதன் அதிகபட்ச வேளை அளவு முழுவதும் 250 மில்லி நீரில் கரைய வேண்டும். மருந்துச் சோதனைகளில் மாத்திரையோடு கொடுக்கும் ஒரு டம்ளர் தண்ணீரே இந்த 250 மில்லி. ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையைத் தள்ளிவிட்டுப் படுப்பவர்கள் இந்தச் சோதனை முடிவுகளைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. தண்ணீர் போதாமல் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்தால், செறிவான அமிலமாகிப் புண்ணாக்கிவிடும்.

படிகம் மாறிய கதை

எச்ஐவி மருந்தான ரிட்டோனவிர் 1996-ல் சந்தைக்கு வந்தது. இரண்டாண்டு நன்றாகப் போனது. 1998-ல் தொழிற்சாலையில் கேப்சூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைதல் சோதனையில் தோற்றன. மருந்து அதேதான், மூலக்கூறும் அதேதான். ஆனால் மூலக்கூறுகள் அதுவரை யாரும் பார்த்திராத, இன்னும் உறுதியான ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு புதிய படிகமாகியிருந்தன. உறுதியான படிகத்திலிருந்து மூலக்கூறைப் பிரித்தெடுப்பது நீருக்குக் கடினம். கரைதிறன் வெகுவாகச் சரிந்தது. புதிய படிகத்தைக் கையாண்ட ஆய்வுக்கூடங்களிலேயே பழைய வடிவத்தை மறுபடி செய்ய முடியாமல் போனது. கேப்சூல்களைச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். நோயாளிகள் சிறிது காலம் கசப்பான திரவத்தைக் குடித்துச் சமாளித்தார்கள். பிறகு குளிர்பெட்டியில் வைக்கும் மென்கேப்சூல் வந்தது. படிக வடிவத்தை ஆராயாமல் இப்போது எந்த நிறுவனமும் புதிய மருந்தை வெளியிடத் துணிவதில்லை.

வேகத்துக்குக் கடிவாளம்

இதுவரை பார்த்தது கரைய மறுக்கும் மருந்துகளை. மிக எளிதில் கரைவதும் சில சமயம் தொல்லைதான். மெட்ஃபார்மின் தண்ணீரில் தாராளமாகக் கரையும். ஒரே மூச்சில் கரைந்தால் வயிற்றைப் புரட்டும், பலனும் விரைவில் முடியும். அதனால் நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒரு பலபடிப் பொருளில் மருந்தைப் பொதிந்து, மெதுவாகக் கசியவிடுகிறார்கள். அட்டையில் ‘எஸ்ஆர்’, ‘இஆர்’, ‘எக்ஸ்ஆர்’ என்று இருந்தால் இந்த ஏற்பாடுதான். அதை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிலருக்கு மலத்தில் மாத்திரை முழுதாக வந்ததுபோலத் தெரியும். அது பெரும்பாலும் மருந்து கசிந்து முடிந்த வெறும் கூழ்.

கரைதலையே கடிகாரமாக்கிய சாதனை இன்சுலினுடையது. 1936-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகெடார்ன், மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து, எளிதில் கரையாத இன்சுலினை உருவாக்கினார். ஊசி போட்ட இடத்தில் அது மெல்லக் கரைந்து நெடுநேரம் வேலை செய்தது. இன்றும் கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிவிட்டுப் போடச் சொல்வது, அதன் துகள்கள் சீராகப் பரவத்தான். 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளார்ஜின் என்ற இன்சுலின் இன்னும் நுட்பமானது. பிஎச் 4 உள்ள திரவத்தில் தெளிவாகக் கரைந்திருக்கும் அது, தோலுக்கடியில் 7.4-ஐச் சந்தித்ததும் நுண்துகள்களாகப் படிந்து, ஏறத்தாழ 24 மணி நேரம் சிறிது சிறிதாகக் கரைகிறது. அதனால்தான் அதை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது.

அடுத்த முறை மருந்து வாங்கும்போது மருந்தாளுநரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இதை உடைக்கலாமா? சாப்பாட்டோடு எடுக்கலாமா? ஏற்கெனவே சாப்பிடும் கேஸ் மாத்திரையோடு சேருமா? குலுக்க வேண்டுமா? ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். பாட்டியால் விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பல மருந்துகளுக்குத் திரவ வடிவம் உண்டு. கரைதல் சோதனையில் தோற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுவதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. கடைகளிலிருந்து அவை திரும்பப் பெறப்பட்டனவா என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். மருந்துக்குக் காசு கொடுப்பவருக்கு, அது கரையும் என்ற உத்தரவாதமும் உரிமைதான்.